நடுப்பலகை

என் தம்பி பெண்டாட்டி எதையும் விற்பாள். கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் அவள் உத்தியோகம். இரண்டாம் பிரிவில் ஆடுகிற ஒரு கால்பந்து கிளப்புக்கு விளம்பரம் பிடித்துத் தருகிறாள். மைதானத்தைச் சுற்றி நிற்கிற பலகைகள் மட்டும்தான் விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். கோல் விழுந்தால் ஒலிபெருக்கியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பேர் வரும். ஆளை மாற்றினால் செருப்புக்கடை. கார்னர் அடித்தால் வங்கி. அடிபட்டவன் புல்லில் புரண்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிற நேரம் இருக்கிறதே, அதைக்கூட ஒரு மெத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டாள்.

"அவன் வலில துடிக்கிறான், நீ மெத்தை விக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. பார்க்கிறவனுக்கு அப்பத்தான் மெத்தை ஞாபகம் வரும்" என்றாள். இவளிடம் என்ன பேசுவது?

நான் அவள் புருஷனுக்கு அக்கா. கண்ணாடிக் கடையில் வேலை. மாடியில் அவர்கள், கீழே நான். கல்யாணமாகி வந்த புதிதில் இவளை எனக்கு அறவே பிடிக்காது. வந்த வாரமே எங்கள் வாசல் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரோட்டைப் பார்த்த சுவரு, சும்மாவா விட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் சிரித்து மழுப்பிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டான். ஒரு வருஷம் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு எனக்கு அறுவை சிகிச்சை ஆனபோது ஆஸ்பத்திரியில் இவள்தான் ராப்பகலாகக் கிடந்தாள். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, பெரிய டாக்டரின் அண்ணனுக்கு ஒரு பலகை விற்றுவிட்டுத்தான் வந்தாள். அது வேறு விஷயம்.

அவளுடைய ஆபீஸ் ஒரு பொந்து. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மேலே கூட்டம் குதித்தால் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து டீயில் விழும், அதனால் எப்போதும் கோப்பையைத் தட்டால் மூடித்தான் வைத்திருப்பாள். அங்கே உட்கார்ந்துதான் ஒருநாள் எனக்குத் தன் தொழிலை விளக்கினாள். டிவிக்காரர்களின் கேமராக்கள் எல்லாம் ஒரே பக்கம், இந்தப் படிக்கட்டின் உச்சியில் நிற்கின்றன. ஆகவே அவற்றின் கண்ணுக்கு எதிர்ப் பக்கம் மட்டும்தான் தெரியும். எதிர்ப் பக்கத்தில் நட்டநடுவில் இருக்கிற பலகைதான் ராஜா. பந்து எங்கே போனாலும் நடுவைத் தாண்டித்தானே போக வேண்டும்? கேமராவுக்குக் கீழே இருக்கிற பலகைகளை டிவியில் ஒரு ஈ காக்கைகூடப் பார்க்காது. அதனால் அவை சல்லிசு.

பிளாஸ்டிக் பைப் வியாபாரி ஒருவர், படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், அந்தச் சல்லிசுப் பலகையில் ஒன்றை வாங்கினார். சொந்தபந்தத்தை எல்லாம் வீட்டுக்கு வரவழைத்து டிவி முன்னால் உட்காரவைத்தார். ஆட்டம் முடியும்வரை அவர் கடைப் பேர் வரவே இல்லை. மறுநாள் ஆபீசுக்கு வந்து குதியோ குதியென்று குதித்தார். "எங்க மச்சான் முன்னாடி மானமே போச்சும்மா!" என்றார். இவள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசியே அடுத்த சீசனுக்கு நடுப்பலகையை அவர் தலையில் கட்டிவிட்டாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அவளுடைய அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. ஆபீசுக்கு அடுத்த அறையில் ஆட்டக்காரர்களின் துணியைத் துவைத்து, மடித்து, பைகளில் போட்டு வைப்பார். ஒவ்வொரு சீசனுக்கும் இவள் பிடித்து வருகிற புதுக் கம்பெனியின் பேரைப் பனியன்களில் சூடு வைத்து ஒட்டுவதும் அவர்தான். "பொண்ணு பேரைக் கொண்டாரா, அப்பன் ஒட்டுறேன். குடும்பத் தொழில்" என்பார். எனக்கு அவர் சம்பந்தி. ஆனால் சம்பந்தி முறுக்கு எதுவும் இல்லாத மனுஷன். ஆட்டத்தின்போது மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் ஓரமாக, மடியில் துண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த பெஞ்சு கேமராவுக்குக் கீழே இருக்கிறது. வந்ததா வினை? அவர் மனைவிக்கு மூட்டு தேய்ந்து நடமாட்டம் குறைவு, மைதானத்துக்குப் போய்ப் படியேற முடியாது. ஆட்டங்களை டிவியில் காட்ட ஆரம்பித்த நாளிலிருந்து புருஷன் ஒரு தடவையாவது தெரியமாட்டாரா என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அப்படிப் பார்த்தே கிளப்பின் தீவிர ரசிகை ஆகிவிட்டார், நடுவரைத் திட்டுகிற அளவுக்கு. ஆனால் புருஷன் மட்டும் ஒரு நாளும் தெரியவில்லை.

போன சீசனில், ஒரு மத்தியானம், சம்பந்தி துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. இதயம்தான் என்று சொன்னார்கள்.

எல்லாக் காரியமும் முடிந்து வீடு அடங்கிய பிறகு கிளப்பின் கேப்டன் வந்தான். அடுத்த ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு அணியும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கப் போகிறோம் என்று சொன்னான். சம்பந்தியம்மா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பினார்.

"டிவில காட்டுவாங்களா?"

"காட்டுவாங்கம்மா. அப்பா படத்தோட காட்டுவாங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டாள் இவள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பந்து ஓடாத நேரமெல்லாம் டிவிக்காரனுக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். அந்த நேரத்தில் அவன் விளம்பரம் போடுவான். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முந்தைய நிமிஷங்களோ இருப்பதிலேயே விலை கூடியவை. மைதானத்தில் எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போது வீட்டு டிவியில் யாராவது பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் கிளப் சார்பில் கையெழுத்துப் போட்டதும் இவள்தான்.

டிவி கம்பெனி மேலாளருக்குப் போன் போட்டாள். கெஞ்சினாள், அதட்டினாள், பழைய பழக்கத்தைச் சொன்னாள். அந்த ஆளும் கெட்டவன் இல்லை. "என் கையில இல்ல மேடம். அந்த நிமிஷம் வித்துப் போச்சு. வேணும்னா இடைவேளைல மூலைல சின்னதா ஒரு படம் போடச் சொல்றேன்" என்றான்.

"மூலைலயா? எங்கப்பாவையா?" என்று போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கிவந்து என் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "எல்லாத்தையும் வித்துட்டேன் அண்ணி. எங்கப்பாவுக்குன்னு ஒரு நிமிஷம் மிச்சம் வைக்கல" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. சாவு வீட்டிலேயே அவள் அழவில்லை. வந்தவர்களைக் கவனிக்கவும் வண்டிக்குச் சொல்லவும்தான் நேரம் சரியாக இருந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் உள்ளதைச் சொன்னேன். "உங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு. புரிஞ்சுப்பாங்க."

"புரிஞ்சுப்பாங்க. அதான் அண்ணி கஷ்டமா இருக்கு."

திடீரென்று, "பந்து ஓடாத நேரம்தானே அவனுக்கு?" என்றாள்.

"நீதானே சொன்ன."

"அப்ப பந்து ஓடிட்டா?"

விஷயம் இதுதான். இரண்டு சீசனுக்கு முன்னால் விளம்பரம் கொஞ்சம் நீண்டுபோய், டிவியில் ஒரு கோலையே காட்டாமல் விட்டுவிட்டார்கள். ஊரே திரண்டு திட்டியது. அன்றிலிருந்து, ஆட்டத்தில் பந்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆனாலும் விளம்பரத்துக்குப் போகக்கூடாது என்பது டிவிக்காரர்களுக்கு வேதம். ஆகவே மௌனத்தை ஆட்டத்துக்கு முன்னால் வைத்தால்தானே பிரச்சனை? ஆட்டம் ஆரம்பித்த பிறகு வைத்தால்? விசில் ஊதி, பந்தைத் தொட்டு உருட்டிவிட்டு, அதன் பிறகு இருபத்திரண்டு பேரும் ஆடாமல் நின்றால்?

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"ஆமா" என்று எழுந்து போய்விட்டாள்.

நடுவரைப் பிடித்தாள். அவர் தாடையைச் சொறிந்து யோசித்துவிட்டு, "பந்தை உதைச்சு ஆரம்பிக்கணும்னுதான் விதி இருக்கு. எல்லாரும் ஓடணும்னு விதி எதுவும் இல்ல" என்றார். எங்கள் பையன்கள் ஒத்துக்கொள்வார்கள், அவர்கள் சட்டையெல்லாம் சம்பந்தி கைபட்டது. எதிரணிதான் தலைவலி. அந்த ஆட்டத்தில் தோற்றால் அவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியிருக்கும். அவர்களுடைய பயிற்சியாளர் மேல் இவளும் நம்பிக்கை வைக்கவில்லை, அவரும் இவளை நம்பவில்லை.

"எங்க பசங்க நிப்பாங்க. நின்ன நேரத்துல உங்க பசங்க பந்தைப் புடுங்கிட்டு ஓடிட்டா? என் வேலை போயிடும்மா" என்றாராம்.

"நீங்களே ஆரம்பிங்க சார். பந்து உங்க ஆள் காலடியிலேயே இருக்கட்டும்" என்று இவள் ஒரே போடாகப் போட்டாள். அதாவது கழுத்தைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தாள். அவர் மனசு வைத்தால் எங்கள் ஆட்கள் மரமாக நிற்கும்போதே நடந்துபோய் கோல் போட்டுவிட்டு வரலாம். அதைக் கேட்டு அவர் சரி என்றார், எங்கள் கேப்டனும் ஒத்துக்கொண்டான். கிளப் தலைவரிடம் யாரும் மூச்சு விடவில்லை.

படம் ஒன்று பாக்கி. ஆட்கள் நிற்பார்கள், சரி, சம்பந்தியின் முகம் எப்படித் தெரியும்? டிவி கேமராக்காரனிடம் சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஆனால் பந்து நடுவில் நின்றால் கேமராவும் நடுவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கேமரா பார்க்கிற நடுவில் என்ன இருக்கிறது? பைப் வியாபாரியின் பலகை.

போனாள். அவர் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பா நல்ல மனுஷன்மா. எடுத்துக்க" என்றார். அவள் எழுந்து கும்பிட்டபோது, "ஒரு ஆட்டத்துக்குப் பதிலா மூணு ஆட்டம் குடுத்துடு" என்றார். வியாபாரி வியாபாரிதான். இவளும் இரண்டுக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆட்டத்தன்று அவள் மைதானத்தில் இருந்தாள். சம்பந்தியம்மாவுக்குத் துணையாக என்னை அனுப்பிவைத்தாள். "அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க அண்ணி. நடக்கலன்னா..." என்று பாதியில் நிறுத்தினாள். கடையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். போய்ச் சேர்வதற்குள் நிஜமாகவே தலை வலித்தது.

சின்னக் கூடம். சம்பந்தியம்மா குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, டிவிக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சம்பந்தியின் சட்டை ஒன்று மடிக்காமல் கிடந்தது. நான் அதை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். டிவியில் அணிகள் வெளியே வந்தன. உடனே விளம்பரம். ஒருத்தி தலைமுடியை உதறினாள். ஒரு குழந்தை சோப்புக் குமிழி விட்டது.

"எப்ப காட்டுவாங்க?" என்று கேட்டார்.

"இருங்க, காட்டுவாங்க."

இன்னொரு விளம்பரம், கார் ஒன்று மலையேறிக்கொண்டே இருந்தது. அது எப்போது ஏறி முடித்துத் தொலைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு வழியாக மைதானம் வந்தது. ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே அவரவர் இடத்தில் நின்றார்கள்.

"முடிஞ்சுபோச்சா?" என்றார் சம்பந்தியம்மா. "மௌனமா நிக்கிறதெல்லாம் முடிஞ்சுபோச்சா? நாம பார்க்கலையா?"

நடுவர் விசில் ஊதினார். எதிரணி ஆள் பந்தைத் தொட்டுப் பின்னால் உருட்டினான். பின்னால் நின்றவன் அதைக் காலால் அமுக்கி நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தான்.

வர்ணனையாளர் வழக்கம்போல, "இதோ ஆரம்பித்துவிட்டது ஆட்டம்! பந்து... பந்து நிற்கிறது. என்ன இது, யாருமே நகரவில்லை! முதல் நிமிடத்தை உங்களுக்கு வழங்குபவர்கள்..." என்று இழுத்தார். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

கேமரா பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்துக்குப் பின்னால், கோட்டுக்கு அப்பால், நடுப்பலகையில் சம்பந்தி இருந்தார். தோளில் ஈரத் துண்டு, கையில் யாரோ ஒருவனுடைய சட்டை, பல் தெரியச் சிரிப்பு. கோல்கீப்பர் எப்போதோ போனில் எடுத்த படம். கீழே எந்தக் கம்பெனியின் பேரும் இல்லை.

"அட!" என்றார் சம்பந்தியம்மா.

நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். எனக்குப் பதறியது, பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அத்தனை பேரும் நிற்கும்போது தான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நானும் நின்றேன். எதிரணியில் ஒரு பையன் எங்கள் கோல் பக்கம் பார்த்து மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்தான். என் உயிர் போய்விட்டது. 'அடேய், நில்லுடா, நல்லா இருப்ப, நில்லுடா' என்று மனசுக்குள் கத்தினேன். பக்கத்தில் நின்ற அவனுடைய அணிக்காரனே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பையன் நின்றுவிட்டான். மைதானம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. சம்பந்தியம்மா மூச்சு விடுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.

நடுவர் கையைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது, பந்து உருண்டது. அப்பாடா என்று கட்டிலில் விழுந்தேன். என் வேலை முடிந்தது. டிவியை அணைத்துவிட்டு டீ போடலாம் என்று எழுந்தேன்.

"இருங்க" என்றார் சம்பந்தியம்மா. "இன்னும் இருக்காரு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒரு நிமிஷத்துக்காகத் தலையால் தண்ணீர் குடித்தோமே, பலகையை முழு ஆட்டத்துக்கு அல்லவா வாங்கியிருக்கிறோம்! பந்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சம்பந்தி தெரிந்தார். வந்து வந்து போனார். "இதோ... போயிட்டாரு... இதோ" என்று சம்பந்தியம்மா விரலால் காட்டிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. "ஐயோ, பாவிங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். வழக்கமாக எனக்கு முன்னால் அவர்தான் கத்துவார். இன்றைக்குச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். முகம் மலர உட்கார்ந்திருந்தார்.

"கோல் விழுந்தா பந்தை நடுவுலதானே வைப்பாங்க?" என்றார்.

வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் நிதானமாக வந்து சேரும்வரை கேமரா நடுவையே பார்த்துக்கொண்டிருந்தது. சம்பந்தி ஆற அமரச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி இந்தக் கம்பெனி என்று வர்ணனையாளர் அடுக்கியது எதுவும் எங்கள் காதில் விழவில்லை.

இரண்டாவது கோலும் அவர்கள்தான் போட்டார்கள். "நல்லது" என்றார். பிறகு எங்கள் ஆட்கள் ஒன்று போட்டார்கள், அதற்கும் அதே சந்தோஷம்தான். இடைவேளையில் இவள் போன் செய்து அழாத குறையாக, "ஜெயிக்கணும்னு நெனச்சோம், இப்படி ஆடுறாங்களே அண்ணி" என்றாள். நான் போனை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். "இன்னும் ரெண்டு வாங்குங்கடி" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். எதிரணி பிழைத்துக்கொண்டது. இவள் வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கிளப் தலைவர் கூப்பிட்டுக் கிழித்தது, டிவி மேலாளர் போனில் குதித்தது எல்லாம் முகத்திலேயே தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மோசமா தோத்துட்டோம்மா. அப்பாவுக்காகன்னு சொல்லி ஆடினாங்க, அப்பவும்..." என்று ஆரம்பித்தாள்.

"தோத்தா என்னடி? ஒவ்வொரு கோலுக்கும் பந்தைக் கொண்டுபோய் உங்கப்பா முன்னாடிதானே வெச்சாங்க?" என்றார் சம்பந்தியம்மா.

இவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எந்தப் பலகை எவ்வளவு நேரம் தெரியும் என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறவளுக்கு, ஒரு நிமிஷத்தைத் தவிர வேறு எதுவும் தோன்றியிருக்கவில்லை.

சம்பந்தியம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அடுத்த ஆட்டத்துலயும் இருப்பாரா?"

அவள் சிரிப்பு நின்றது. எதையும் பேசியே விற்றுவிடுகிறவள்தான். ஆனால் உள்ளதைச் சொன்னாள்.

"இல்லம்மா. இன்னிக்கு மட்டும்தான்."

சம்பந்தியம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார். பக்கத்து நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இவள் அந்த மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று கதறி அழுதாள். அவர் செத்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.